மிகுபுனைவு நாவல்களும் புதுவாசகரும்: யாப்பு, கேட்போர் என்னும் பாயிரக் கூறுகள்வழி ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நூலைப் பிறர்க்குப் பரிந்துரைப்பது திறனாய்வின் மிகச் சிறிய வடிவம் எனலாம். நூலின் தரம், படிக்கவிருப்பவரின் பயிற்சி, படித்தபின் அவர் பெறவிருக்கும் பயன் ஆகிய மூன்றையும் எடைபோட்ட பின்னரே 'இதனைப் படியுங்கள்' என்னும் சொல் பொருளுடையதாகிறது. ஆயினும் பரிந்துரை என்பது தனிமனித விருப்பம் சார்ந்த ஒன்றாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. திறனாய்வுக்குரிய சிக்கலாக அது கொள்ளப்படுவது அரிது.

நடைமுறை உலகில் நிகழவியலாதவற்றை நிகழ்ந்தனவாகக் கொண்டு, அவற்றிற்கென ஒரு தனியுலகையும் அவ்வுலகிற்கென ஒழுங்குகளையும் படைத்துக்காட்டும் புனைகதை வகை இக்கட்டுரையில் 'மிகுபுனைவு' எனக் குறிக்கப்பெறுகிறது. இவ்வகைமையில் பரிந்துரைச் சிக்கல் பிறவற்றினும் கூர்மையாக எழுகிறது. அதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இவ்வகை நூல்கள் பெரும்பாலும் பல தொகுதிகள் கொண்ட வரிசைகளாக அமைகின்றன. இரண்டாவது, எழுதப்பட்ட வரிசையும் கதைநிகழும் கால வரிசையும் பல இடங்களில் வேறுபடுகின்றன. மூன்றாவது, கதையைத் தொடர்வதற்கு முன் கதையுலகையே வாசகர் கற்றாக வேண்டியிருக்கிறது. தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளில் ஒப்பிலக்கியம் பயிலும் மாணவர் ஒருவர்க்கு இவ்வகைமையிலிருந்து ஒரு பருவத்தில் ஒரு நூலே படிக்க வாய்க்கலாம். அந்நூல் பொருந்தாதாயின் அவர் ஒதுக்குவது அந்த ஒரு நூலை மட்டுமன்று. வகைமை முழுவதையுமே ஒதுக்கிவிடுகிறார்.

புதுவாசகர்க்கு முதலிற் கொடுக்கத்தக்க நூல் எது என்னும் வினாவிற்குப் புகழோ தொகுதி எண்ணோ விடையாகாது. தன் உலகைத் தானே கற்பித்து, தன்னளவில் நிறைவெய்தும் நூலே முதல் நூலாகத் தக்கது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாயிர மரபு தரும் அளவுகோல்

நூலை அறிமுகம் செய்யும் முறை பற்றித் தமிழிலக்கண மரபு நெடிதாகச் சிந்தித்துள்ளது. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்குரிய இலக்கணமாக ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினைக் கூறுகிறது. இவற்றுள் யாப்பு, கேட்போர் என்னும் இரண்டும் இங்கு நமக்குப் பெரிதும் பயன்படுகின்றன. 'யாப்பு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் செய்யுளின் கட்டமைப்பே நினைவுக்கு வரும். ஆனால் இவ்விடத்தில், இன்ன நூலைக் கேட்டபின் இந்நூல் கேட்கத்தகும் என்னும் இயைபு என அதற்கு நன்னூல் உரை பொருள் தருகிறது. 'கேட்போர்' என்பது அந்நூலைக் கேட்டற்குரியவரைக் குறிக்கிறது.

எந்நூலும் எவர்க்கும் எந்நிலையிலும் உரியதன்று என்பதே இவ்விரு கூறுகளின் உட்கிடை. ஒரு நூலின் சிறப்பு அதன் சொற்களில் மட்டும் இல்லை. எந்நூலுக்குப் பின், எத்தகையோரால் படிக்கப்படுகிறது என்பதிலும் இருக்கிறது. இலக்கண நூல்களுக்காக வகுக்கப்பட்ட இவ்வளவுகோல் மிகுபுனைவு வரிசைகளுக்கும் நன்கு பொருந்துவதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

கேட்போர்: புதுவாசகர் எவர்?

புதுவாசகர் என்பதனால் ஏதுமறியாதவர் என்று பொருள்கொள்ளுதல் பொருந்தாது. இந்தியச் சூழலில் வளர்ந்த எவரும் விக்கிரமாதித்தன் கதையையோ ஆயிரத்தோரிரவுக் கதைகளையோ ஏதேனும் ஒரு வடிவில் அறிந்தே இருப்பர். பேசும் விலங்கும் கூடுவிட்டுக் கூடுபாய்தலும் அவர்க்குப் புதியன அல்ல. இருபதாம் நூற்றாண்டு மிகுபுனைவு நாவல் அவரிடம் வேண்டும் புதிய பயிற்சி வேறு. வியப்புகளை ஒன்றோடொன்று முரணாத ஓர் ஒழுங்காக நினைவில் இருத்திக்கொள்ளுதலே அது. கதையில் ஓர் அற்புதம் நிகழ்ந்தால் 'அடுத்து என்ன?' என்று கேட்டுப் பழகியவர், நாவலில் 'இவ்வுலகில் இது எவ்வாறு இயலும், இதற்கு விலை என்ன?' என்றும் கேட்கவேண்டியிருக்கிறது. டோல்கீன் 1939ஆம் ஆண்டு ஆற்றிய தேவதைக் கதைகள் பற்றிய சொற்பொழிவில் 'இரண்டாம் உலகம்' என்னும் கருத்தை முன்வைத்து, அதன் உள்ளொழுங்கே நம்பிக்கையைத் தோற்றுவிப்பது என விளக்கினார்.

இந்த உள்ளொழுங்கை வாசகர்க்குக் கற்பிக்கும் முறைகள் பலவாகும். ஃபாரா மெண்டில்சன் 2008இல் வெளியிட்ட ஆய்வில் மிகுபுனைவுகளை, அற்புதம் கதைக்குள் நுழையும் முறையை அடிப்படையாகக் கொண்டு நான்காக வகைப்படுத்தினார். அவற்றுள், தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்திற்கு ஒருவர் செல்லும் வகையும், தொடக்கமுதலே வாசகரை அவ்வுலகிற்குள் அமிழ்த்திவிடும் வகையும் இங்குக் கருதத்தக்கவை. முதல்வகையில் கதைமாந்தரின் அறியாமையும் வாசகரின் அறியாமையும் ஒன்றாக இருப்பதால் கற்றல் எளிதாகிறது. இரண்டாம் வகையில் மாந்தர்க்குத் தெரிந்தவை வாசகர்க்குத் தெரிவதில்லை. சிதறிய குறிப்புகளிலிருந்து அவர் தாமே உலகைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

ஸ்டீவன் எரிக்சனின் 'மலாசன்' வரிசை இதற்குத் தக்க சான்று. 1999இல் தொடங்கி 2011இல் முடிவுற்ற பத்துத் தொகுதிகள் கொண்ட இவ்வரிசையின் முதல் நூல், நெடுங்காலமாக நடந்துவரும் படையெடுப்பு ஒன்றின் நடுவே வாசகரை நிறுத்துகிறது. மாந்தர் பட்டியலும் சொற்பொருள் விளக்கமும் நூலில் இணைக்கப்பட்டிருப்பினும் அவை புதியவர்க்குப் போதுமானவையாக இல்லை. பயின்ற வாசகர் இதனையே அதன் சிறப்பாகப் போற்றுவர். நூல் ஒன்றே, கேட்போர் வேறுபடுவதால் பயனும் வேறுபடுகிறது.

யாப்பு: டோல்கீனின் இரு நூல்கள்

டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937இல் வெளிவந்தது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. பின்னது ஆசிரியரால் ஒரே நூலாகக் கருதி எழுதப்பெற்றது. போருக்குப் பிந்தைய அச்சுச்செலவு கருதியே மூன்றாகப் பிரிக்கப்பட்டது. நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட இந்நூலே இவ்வகைமையின் தலைநூலாகப் பலராலும் போற்றப்படுகிறது. பீட்டர் ஜாக்சனின் திரைப்படங்கள் 2001 முதல் 2003 வரை வெளிவந்தபின், புதியவர்க்கு முதலிற் சொல்லப்படும் பெயரும் பெரும்பாலும் இதுவாகவே அமைகிறது.

இப்பரிந்துரை மறுபரிசீலனைக்குரியது. நூலின் தொடக்கத்தில் ஹாபிட்டுகளின் வாழ்வும் வழக்காறுகளும் பற்றிய நீண்ட முன்னுரை உள்ளது. முதல் தொகுதியின் நடுவே எல்ரண்டின் அவை கூடும் இயலில் பலர் ஒருவர்பின் ஒருவராகத் தத்தம் நாட்டு வரலாற்றை உரைக்கின்றனர். பெயர்களும் தலைமுறைகளும் அடுக்கடுக்காக வருகின்றன. இவ்வடுக்குகளுக்குப் பின்னே ஒரு பேரியல்வு மறைந்திருப்பதை உணர்பவர்க்கு அவ்வியல் நூலின் உச்சங்களுள் ஒன்று. உணராதவர்க்கு அது கடக்கவியலாத தடை.

'தி ஹாபிட்' இதற்கு மாறானது. சிறுவர்க்குக் கதை கூறுபவரைப் போல ஆசிரியர் வாசகரை நேரடியாக விளித்துப் பேசுகிறார். தலைவன் பில்போ தன் வளையில் தேநீரும் சிற்றுண்டியுமாக வாழ்பவன். கைக்குட்டையை மறந்து புறப்பட்டதற்காக வருந்துபவன். வெளியுலகம் பற்றி அவன் அறிந்தது வாசகர் அறிந்ததினும் மிகுதியன்று. இயலுக்கொரு புதிய நிலமும் புதிய உயிரினமும் எனக் கதை நடக்க, அவனோடு வாசகரும் உலகைக் கற்கிறார்.

எளிமை மட்டுமே இவ்வரிசைக்குக் காரணமன்று. முதல் நூலில் பில்போ பெறும் மோதிரம், அணிந்தவரை மறைக்கும் ஒரு பொருள் மட்டுமே. இரண்டாம் நூலின் இரண்டாம் இயலில் அதன் உண்மைத்தன்மை வெளிப்படுகிறது. முன்னதைப் படித்தவர் அம்மோதிரத்தைத் தீங்கற்ற துணையாக நெடும்பயணம் முழுவதும் கண்டவர். ஆதலால் ஃப்ரோடோ அடையும் அதிர்ச்சியை அவரும் அடைகிறார். முன்னதைப் படியாதவர்க்கு அது ஒரு செய்தி. படித்தவர்க்கோ தம் நினைவே மாற்றியெழுதப்படும் அனுபவம். டோல்கீன் தாமும் இரண்டாம் நூலுக்கேற்ப முதல் நூலின் புதிர்ப்போட்டி இயலைத் திருத்தி 1951இல் மறுபதிப்பித்தார். இரு நூல்களுக்கிடையே உள்ள இயைபை ஆசிரியரே பேணினார் என்பதற்கு இது சான்று. மாறாக, அவர் மறைவுக்குப்பின் மகன் கிறிஸ்டஃபர் டோல்கீன் 1977இல் பதிப்பித்த 'தி சில்மரிலியன்' கதைக்காலத்தால் முற்பட்டது. உலகத் தோற்றத்திலிருந்து தொடங்குவது. காலமுறை கருதி அதனை முதலிற் கொடுப்பது, காப்பியத்தைப் படியாதவர் கையில் அதன் ஆராய்ச்சிக் குறிப்புகளைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

வரிசைச் சிக்கல்: நார்னியா

கதைக்கால வரிசை, வெளியீட்டு வரிசை ஆகிய இரண்டனுள் எது ஏற்புடையது என்னும் வினா சி.எஸ். லூயிஸின் நார்னியா நூல்களில் வெளிப்படையான விவாதமாகவே உருப்பெற்றது. ஏழு நூல்களும் 1950 முதல் 1956 வரை ஆண்டிற்கொன்றாக வெளிவந்தன. முதலில் வந்தது 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. நார்னியா தோன்றிய வரலாற்றைக் கூறும் 'தி மெஜிஷியன்ஸ் நெஃபியூ' ஆறாவதாக 1955இல் வந்தது. 1957இல் ஓர் அமெரிக்கச் சிறுவன் கதைக்கால வரிசையே சிறந்ததெனக் கருதி ஆசிரியர்க்கு எழுத, லூயிஸ் அவன் கருத்தின்பால் தாம் சாய்வதாக மறுமொழி எழுதினார். எனினும் எவ்வரிசையில் படிப்பினும் பெரிய வேறுபாடு இராது என்றும் அவர் அதிலேயே குறித்தார். 1994ஆம் ஆண்டு ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பு முதல் நூல்கள் கதைக்கால வரிசைப்படியே எண்ணிடப்பட்டு வருகின்றன.

ஆசிரியர் கூற்று ஒருபுறமிருக்க, நூலே என்ன கூறுகிறது என்று காண்பது திறனாய்வாளர் கடன். 1950ஆம் ஆண்டு நூலில் சிறுமி லூசி உடைப்பெட்டிக்குள் புகுந்து பனிபடர்ந்த காட்டில் வெளிப்படும்போது, அக்காட்டின் நடுவே ஒரு தெருவிளக்கைக் காண்கிறாள். அது அங்கே ஏன் நிற்கிறது என்பது அவளுக்கும் தெரியாது, வாசகர்க்கும் தெரியாது. அஸ்லான் என்னும் பெயர் முதன்முதலாகக் கூறப்படும் இடத்திலும், குழந்தைகள் அவனை அறியாதவாறே வாசகரும் அறியார் என்று ஆசிரியர் வெளிப்படையாகக் கூறுகிறார். விளக்கின் தோற்றமும் அஸ்லானின் இயல்பும் 1955ஆம் ஆண்டு நூலில் விரித்துரைக்கப்படுகின்றன. அதனை முதலிற் படித்தவர்க்கு லூசியின் வியப்பு வாய்ப்பதில்லை. ஆசிரியரின் அக்கூற்றும் பொய்யாகிறது. வினா முன்னும் விடை பின்னுமாக எழுதப்பட்ட வரிசையை மாற்றினால், வினா எழுவதற்கு முன்பே விடை கூறியதாகிவிடும். எனவே புதுவாசகர்க்கு வெளியீட்டு வரிசையே உரியது. கதைக்கால வரிசை மறுவாசிப்புக்குரியது. பாயிர மரபு கூறும் யாப்பு இங்குக் கால இயைபன்று, அறிதலின் இயைபு.

தன்னளவில் நிறைவெய்தும் நூல்: எர்த்சீ

மேற்கண்ட அளவுகோல்களுக்கு ஒருங்கே பொருந்துவது உர்சுலா லெ குவின் 1968இல் வெளியிட்ட 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ' என்பது இக்கட்டுரையின் துணிபு.

தீவுக்கூட்டங்களாலான ஓர் உலகில், காண்ட் என்னும் தீவில் தாயற்ற சிறுவன் ஒருவன் ஆடு மேய்த்து வளர்கிறான். மந்திரம் அறிந்த சிற்றன்னையிடம் சில சொற்களைக் கற்கிறான். பின்னர் ஓஜியன் என்னும் ஆசானிடம் கெட் என்னும் உண்மைப்பெயர் பெறுகிறான். அதன்பின் ரோக் தீவின் பள்ளியில் மாணாக்கனாகிறான். செருக்கினால் இறந்தோரை அழைக்க முற்பட்டு ஒரு நிழலை உலகினுள் விடுவிக்கிறான். அந்நிழலிடமிருந்து ஓடுவதும், பின்பு திரும்பி அதனைத் தேடுவதுமே எஞ்சிய கதை. தலைவன் பிற்காலத்தில் பெரும்புகழ் எய்துவான் என்பதைத் தொடக்கத்திலேயே ஆசிரியர் கூறிவிடுகிறார். ஆகவே அவன் பிழைப்பானா என்னும் வினாவினும், எவ்வாறு தன்னை அறிவான் என்னும் வினாவே முதன்மை பெறுகிறது.

இவ்வுலகில் மந்திரம் என்பது பொருள்களின் உண்மைப்பெயரை அறிதல். அதனை அறிய ரோக் மாணாக்கர் தனித்த கோபுரம் ஒன்றில் அமர்ந்து நாடோறும் பெயர்ப்பட்டியல்களை மனனம் செய்கின்றனர். நிகண்டுகளை மனனம் செய்து கற்ற மரபை அறிந்த தமிழறிஞர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. மாணாக்கன் கற்கக் கற்க வாசகரும் கற்கிறார். ஒரு கூழாங்கல்லை மணியாக மெய்யாகவே மாற்றினால் உலகின் சமநிலை மாறும் என ஆசான் கூறுமிடத்தில், மந்திரத்திற்கும் விலையுண்டு என்னும் ஒழுங்கு ஓர் எடுத்துக்காட்டினால் விளங்கிவிடுகிறது. பின்னிணைப்பும் அருஞ்சொல் அகராதியும் வேண்டுவதில்லை.

நூல் இருநூறு பக்க அளவினது. நிழலின் பெயரைத் தலைவன் அறியும் இடத்தில் கதை முழுமையாக முடிகிறது. அடுத்த நூல் ஒன்று இல்லாதிருப்பினும் குறையில்லை. இருப்பினும் தொடர விரும்புவார்க்கு வழி உண்டு. 1971இல் வந்த 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' டெனார் என்னும் பெண்ணை மையமாகக் கொண்டது. 1972இல் வந்த 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' முதுமையும் இறப்பும் பற்றியது. 18 ஆண்டுகள் கழித்து 1990இல் வந்த 'டெஹானு', ரோக் பள்ளி ஆடவர்க்கு மட்டுமே உரியதாக ஏன் இருந்தது என்னும் வினாவை எழுப்பி, முதல் நூலின் உலகையே மறுவாசிப்புக்கு உட்படுத்துகிறது. ஒவ்வொரு நூலும் தனக்கு முந்தையதன்மீது எழுதப்பட்ட திறனாய்வாகவும் அமைவதால், எழுதப்பட்ட முறையே படிக்கவேண்டிய முறையுமாகும். 2001இல் வெளியிட்ட கதைத்தொகுப்பின் முன்னுரையில், அக்கதைகளை நாவல்களுக்குப் பின் படிப்பதே பயன்தரும் என லெ குவின் குறிக்கிறார். அக்கதைகளுட் சில முதல் நாவலுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளைக் கூறுவன என்பது இங்கு நோக்கத்தக்கது. இது பாயிரம் கூறும் யாப்பே.

இந்நூல்மீது எழக்கூடிய ஒரு தடையையும் கருதவேண்டும். இதன் நடை பழங்கதை கூறும் நடை, உரையாடல் குறைவு, நகைச்சுவை அருகியே உள்ளது. விரைந்த உரையாடலையும் எள்ளலையும் விரும்புவார்க்கு இது வறண்டதாகத் தோன்றலாம். அன்னார்க்கு வேறு வாயில் வேண்டும்.

நெடுவரிசைகளும் நிறைவும்

புதியவரை ஈர்க்கும் மற்றொரு குழு நெடுவரிசைகள். ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990இல் தொடங்கியது. 2007இல் அவர் மறைய, அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக்கொண்டு பிராண்டன் சாண்டர்சன் இறுதி மூன்று தொகுதிகளை எழுதி, 2013இல் பதினான்காம் தொகுதியோடு நிறைவுசெய்தார். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' 1996இல் தொடங்கியது. ஏழாகத் திட்டமிடப்பட்ட அவ்வரிசையின் ஐந்தாம் தொகுதி 2011இல் வெளிவந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் கடந்தும் ஆறாவது வெளிவரவில்லை. தொலைக்காட்சித் தொடரோ 2019இல் தனக்கென ஒரு முடிவைக் கண்டுவிட்டது.

மார்ட்டினின் நூலுக்குரிய கேட்போர் உளர். வரலாற்று நாவல்களில் அரசவைச் சூழ்ச்சியையும் குலப்பகையையும் பயின்றவர்க்கு அதன் முதல் தொகுதி எளிதில் வசப்படும். ஒவ்வோர் இயலும் ஒரு மாந்தரின் பெயரைத் தலைப்பாகக் கொண்டு, அவர் கண்வழியே மட்டும் நிகழ்ச்சிகளைக் காட்டுகிறது. மந்திரம் அருகியே வருகிறது. ஆயின் வரிசை நிறைவுறாதது என்பதை முன்னரே கூறுவது பரிந்துரைப்பவர் கடமை. முடிவு நோக்கிக் கட்டப்படும் கதையில் முடிவின்மை ஒரு சிறு குறையன்று. அதுவரை படித்தவற்றின் பொருளையே அது ஐயத்திற்குள்ளாக்குகிறது. முதல் வாசிப்பிலேயே இவ்வேமாற்றத்தை ஏற்கும்படி புதியவரைக் கேட்பது முறையாகாது.

வரிசை வேண்டா வரிசைகள்: டிஸ்க்வேர்ல்டும் தாஸ்தானும்

எள்ளல் விரும்புவார்க்கு உரியது டெரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்'. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள் கொண்டது இது. இங்கு முதல் நூலாகிய 'தி கலர் ஆஃப் மேஜிக்' முதலிற் படிக்கத்தக்கதன்று என்பது கருதத்தக்கது. அந்நூலிலும் புதிய இடத்தைக் காண வந்த சுற்றுலாப் பயணி ஒருவன் உளன். எனினும் அது முந்தைய மிகுபுனைவுகளைப் பகடிசெய்வது. பகடிக்குள்ளானவற்றை அறியாதார்க்கு நகை தோன்றாது. 1987இல் வந்த 'மோர்ட்' சாவுத்தேவனிடம் தொழில் பயிலச் செல்லும் இளைஞன் கதை. 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' சட்டநூலை வரிக்குவரி நம்பிப் பெருநகரக் காவலில் சேரும் வெளியூர் இளைஞனை நடத்திச் செல்வது. இரண்டிலும் பயில்பவன் ஒருவன் இருப்பதால் வாசகர்க்கு உலகம் திறக்கிறது. இரண்டும் தம்மளவில் முடிகின்றன.

எங்கும் நுழையலாம் என்னும் இவ்வமைப்பு இந்திய மண்ணுக்குப் புதிதன்று. இலக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 46 தொகுதிகளாக வெளியிட்ட உருதுப் பெருங்கதையாகிய 'தாஸ்தான்-எ-அமீர் ஹம்ஸா', அதன் புகழ்பெற்ற பகுதியாகிய 'திலிஸ்ம்-எ-ஹோஷ்ருபா' ஆகியவை வாய்மொழியாகக் கூறப்பட்ட மரபில் வேரூன்றியவை. அவையில் வந்தமரும் எவரும் அன்றைய பகுதியிலிருந்தே கேட்கத் தொடங்கலாம். முழுமை என்பது நூலின் முழுமையாக இராமல் ஒரு நிகழ்ச்சியின் முழுமையாக இருந்தது. இதனை நாவலைப் படிப்பதுபோல் முதல் தொகுதியிலிருந்து முறையாகப் படிக்க முற்படும் புதியவர் விரைவில் களைத்துப்போவார். 2005இல் தில்லியில் மஹ்மூத் ஃபரூக்கி மீட்டெடுத்த தாஸ்தான்கோயி நிகழ்த்துகலையில் ஒரு பகுதியைக் கேட்பதே அதற்குத் தக்க வாயிலாகும். இங்குக் கேட்போர் உண்மையிலேயே கேட்போர்.

வாசகரை உருவாக்கிய நூல்: சந்திரகாந்தா

இவ்வாய்வில் இன்றியமையாத இடம்பெறுவது தேவகிநந்தன் கத்ரியின் 'சந்திரகாந்தா' என்னும் இந்தி நாவல். 1888இல் வெளிவந்த இதனைத் தொடர்ந்து 'சந்திரகாந்தா சந்ததி' 24 பகுதிகளாக வெளிவந்தது. 'பூத்நாத்' என்னும் அடுத்த வரிசை அவர் 1913இல் மறைந்தபோது முற்றுப்பெறவில்லை. மகன் துர்காபிரசாத் கத்ரி அதனை முடித்தார். விஜயகட இளவரசிக்கும் நௌகட இளவரசனுக்கும் இடையிலான காதலும், மாறுவேடத்தில் வல்ல ஐயார்களின் சூழ்ச்சியும், திலிஸ்ம் என்னும் புதிர்க்கோட்டையும் கதைக்கு அடிப்படை. உருதுத் தாஸ்தானில் திலிஸ்ம் மந்திரத்தால் கட்டப்பட்டது. கத்ரியிடம் அது பெரும்பாலும் பொறியமைப்பாகவும் கைவினைத் திறனாகவும் விளக்கம் பெறுகிறது. ஆதலின் இது மிகுபுனைவின் எல்லையில் நிற்கும் நூல் எனல் தகும். சிறுசிறு இயல்களும் எளிய மொழியும் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழும் முறையும் இதன் கற்பிக்கும் திறனுக்குக் காரணங்கள்.

இராமச்சந்திர சுக்ல தம் இந்தி இலக்கிய வரலாற்றில் (1929) இந்நூல் பற்றி இரு கருத்துகளைக் கூறுகிறார். இதனைப் படிப்பதற்காகவே உருது மட்டும் அறிந்த பலர் இந்தி கற்றனர் என்றும், கத்ரி அளவிற்கு வாசகரை உருவாக்கியவர் பிறரிலர் என்றும் போற்றுகிறார். அதேவேளை, நிகழ்ச்சி விசித்திரமே நோக்கமாதலின் சுவையும் மெய்ப்பாடும் சார்ந்த இலக்கியத்துள் இதனை அடக்கவியலாது என்றும் மறுக்கிறார். இவ்விரு கூற்றுகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வினா எழுகிறது. ஒரு மொழிக்கு வாசகரைத் திரட்டித்தந்த நூல் அம்மொழியின் இலக்கிய எல்லைக்கு வெளியே நிற்குமாயின், அவ்வெல்லையை வகுத்த அளவுகோல் எதனை விட்டுவிட்டது? நுதலிய பொருளை மட்டும் எடைபோட்டு, யாப்பையும் கேட்போரையும் அவ்வளவுகோல் விட்டுவிட்டது என்பதே விடையாகத் தோன்றுகிறது. வாசகரை ஒரு மொழிக்குள்ளும் ஒரு வகைமைக்குள்ளும் அழைத்துவருதல் ஒரு நூலின் புறப்பயனன்று. அழைத்துவரும் ஆற்றல் அந்நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆகவே அது திறனாய்வின் பொருளுமாகும்.

பரிந்துரை முறை

மேற்கண்டவற்றின் அடிப்படையில் புதுவாசகர்க்கான முறையைப் பின்வருமாறு வகுக்கலாம்.

1. பொதுநிலை வாசகர்க்கும் இலக்கிய மாணவர்க்கும் முதல் நூல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. அதன்பின் அவ்வரிசை, வெளியீட்டு முறைப்படி.

2. பயணக்கதையையும் வீரத்தையும் விரும்புவார்க்கு 'தி ஹாபிட்'. அதன்பின் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 'தி சில்மரிலியன்' இவ்விரண்டற்கும் பின்னரே.

3. எள்ளலை விரும்புவார்க்கு 'மோர்ட்' அல்லது 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!'.

4. சிறாரோடு சேர்ந்து படிப்பார்க்கு நார்னியா, 1950ஆம் ஆண்டு நூலிலிருந்து.

5. வரலாற்று நாவல் பயின்றார்க்கு மார்ட்டினின் முதல் தொகுதி, வரிசை நிறைவுறாமையை முன்னரே அறிவித்து.

6. இந்தி அறிந்தார்க்குச் 'சந்திரகாந்தா'. தாஸ்தான் மரபைக் கற்பார் முதலிற் கேட்டுப் பின்னர்ப் படித்தல் நன்று.

7. ஜோர்டன், எரிக்சன் ஆகியோரின் நெடுவரிசைகள், மேற்கண்டவற்றுள் இரண்டு மூன்றைப் படித்தபின்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்துப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. மிகுபுனைவில் முதல் நூல் என்பது தொகுதி எண்ணால் அமைவதன்று. அறியாத ஒருவரைத் தலைவராகக் கொண்டு, தன் உலகின் ஒழுங்கைக் கதைப்போக்கிலேயே கற்பித்து, தன்னளவில் முடிவெய்தும் நூலே முதல் வாசிப்புக்கு உரியது. கதைக்கால வரிசையினும் எழுதப்பட்ட வரிசையே பெரும்பான்மையும் புதியவர்க்கு ஏற்றது; வினாவும் விடையும் அவ்வரிசையிலேயே இயைந்து கிடக்கின்றன. பகடி நூல்களும் நிறைவுறா வரிசைகளும் இதற்குப் புறனடை. வாய்மொழி மரபில் வந்த நெடுங்கதைகளுக்கு முழுமை பற்றிய வேறோர் அளவுகோல் வேண்டும்.

சிறப்புப்பாயிரத்தின் எட்டுக் கூறுகளுள் ஆக்கியோன் பெயரும் நூற்பெயரும் நுதலிய பொருளும் இன்றைய நூல் மதிப்புரைகளிற் குறைவின்றி இடம்பெறுகின்றன. யாப்பும் கேட்போரும் பெரும்பாலும் விடுபடுகின்றன. பாடத்திட்டம் வகுப்போரும் மதிப்புரை எழுதுவோரும் இவ்விரு கூறுகளையும் மீண்டும் கைக்கொள்வாராயின், ஒரு பருவத்தில் ஒரே நூலைப் படிக்கும் மாணவர் அதனை மூடிவைக்கும்போது அடுத்த நூலைத் தேடுவார்.